சிம் போடும் திறன்கடிகாரம்: புதுப் பெட்டிக்குள் பழைய ஆண்ட்ராய்டு

கைப்பேசியின் துணை இல்லாமல், தனக்கென ஒரு சிம் அட்டையோடு, முழு ஆண்ட்ராய்டு இயங்குதளத்தையும் மணிக்கட்டிலேயே ஓட்டும் திறன்கடிகாரங்களைக் கோலாலம்பூரின் மின்னணுக் கடைகளில் 'சிம் வாட்ச்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள். அவற்றுள் ஒன்றை 400 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. இதே உடல், இதே மின்சுற்றுப் பலகை, இதே மென்பொருள் ஆகியவை பட்டையின் நிறமும் பெட்டியில் அச்சான பெயரும் மட்டும் மாறி, ஒரே கடையின் கண்ணாடி அலமாரியில் மூன்று வேறு பெயர்களில் இருந்தன. ஒரு பெயரைக் குறை சொன்னால் மற்ற இரண்டும் தப்பித்துக்கொள்ளும்.

கடிகாரத்தின் உடலமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.6 அங்குல வட்டத் திரை, 3 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பு, மீடியாடெக் எம்டி6739 சிப், நானோ சிம் தட்டு, பக்கவாட்டில் யாருக்கும் பயன்படாத ஒரு கேமரா. தடிமன் அதிகம் என்பதால் முழுக்கைச் சட்டையின் பொத்தானை அதற்கு மேல் போட முடியாது. தாசிக் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடும்போது ஜிபிஎஸ் பாதையை ஒழுங்காகவே வரைந்தது. பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கியபோது கைப்பேசி இல்லாமலேயே வீட்டாரின் அழைப்பை எடுக்க முடிந்தது. தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றன. இவ்வளவு சிறிய திரையில் தட்டச்சு செய்வது வீண்வேலை என்றாலும், 2017 முதல் கூகுள் தமிழுக்கும் தந்துவரும் குரல்வழித் தட்டச்சு இதில் வேலை செய்கிறது; பேச்சை எழுத்தாக்கும் பணி கூகுளின் கணினிகளில் நடப்பதால் கடிகாரத்தின் வேகக்குறைவு அதைப் பாதிப்பதில்லை. தினமும் மின்னேற்ற வேண்டியிருக்கிறது. 4ஜி தரவைத் திறந்து வைத்தால் ஒரு நாளே தாங்காது. இந்த விலைக்கு இவை எல்லாம் எதிர்பார்க்கத் தக்கவையே.

இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது வேறு ஒன்று. பெட்டியில் ஆண்ட்ராய்டு 10 என்று அச்சாகியிருந்தது. அமைப்புகளில் 'கடிகாரத்தைப் பற்றி' என்ற பக்கத்திலும் 10 என்றே இருந்தது. ஆனால் வன்பொருள் விவரங்களைக் காட்டும் ஒரு இலவசச் செயலியை நிறுவிப் பார்த்தபோது ஏபிஐ நிலை 27 என்று வந்தது. இந்த எண் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் உரியது: 27 என்றால் 8.1, 28 என்றால் 9, 29 என்றால்தான் 10. பயனர் கண்ணில் படும் பதிப்புப் பெயர் ஒரு கோப்பில் இருக்கும் வெறும் எழுத்து. அதைத் தயாரிப்பாளர் எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஏபிஐ நிலையை மட்டும் அவ்வளவு எளிதில் பொய்யாக்க முடியாது. அதை நம்பித்தான் செயலிகள் இயங்குகின்றன என்பதால், அதை மாற்றினால் அவை ஒவ்வொன்றாக நின்றுவிடும். எனவே என் கையில் இருப்பது 2017 டிசம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 8.1. அந்தப் பதிப்புக்கான மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கூகுள் 2021 அக்டோபருக்குப் பின் வெளியிடவில்லை. ஆண்ட்ராய்டுக்கு அடியில் நின்று வன்பொருளை இயக்கும் லினக்ஸ் கருநிரலின் பதிப்பு 4.4, அதன் நீண்டகால ஆதரவு 2022 பிப்ரவரியில் முடிந்தது.

விற்றவரிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, அப்டேட் வரும், கவலைப்படாதீங்க" என்றார். அவர் மனமறிந்து பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கைப்பேசிகளில் புதுப்பிப்பு வருகிறது, ஆகவே கடிகாரத்திலும் வரும் என்று அவர் நம்பியிருக்கலாம். ஆனால் இந்த வகைக் கடிகாரங்களில் புதுப்பிப்பு தாமதமாகிறது என்று சொல்வதே பொருந்தாது. எந்த நாளில் தயாரிப்பாளர் சிப்பைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்த நாளிலேயே கடிகாரத்தின் ஆண்ட்ராய்டு பதிப்பு ஆயுள் முழுமைக்கும் முடிவாகிவிடுகிறது.

அது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டின் மூலநிரலைக் கூகுள் இலவசமாக வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிரல் தானாக எந்தச் சிப்பிலும் ஓடாது. திரை, தொடுபுலன், கேமரா, ஒலி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைத்தொடர்பு மோடம் ஆகியவற்றை இயக்கும் நிரல்களைச் சிப் தயாரிப்பாளர்தான் எழுதித் தர வேண்டும். அந்த நிரல்களும், அவற்றுக்கேற்பத் திருத்திய கருநிரலும், சோதித்து முடித்த ஒரு குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு பதிப்பும் சேர்ந்த தொகுப்பைத்தான் கடிகாரத்தை வடிவமைக்கும் நிறுவனம் சிப்போடு சேர்த்து வாங்குகிறது. அதில் பெரும்பகுதி மூலநிரலாக இல்லாமல் மூடிய கோப்புகளாகவே வருகிறது. அடுத்த ஆண்ட்ராய்டு வேண்டுமானால் அடுத்த தொகுப்பு வேண்டும். சிப் தயாரிப்பாளர் அதைச் செய்யாவிட்டாலோ, செய்ததைக் கடிகார நிறுவனம் பணம் கொடுத்து வாங்காவிட்டாலோ, கதை அங்கேயே முடிந்துவிடும்.

என் கடிகாரத்தில் உள்ள எம்டி6739, 2017இல் மலிவு விலைக் கைப்பேசிகளுக்காக வெளிவந்த சிப். 28 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கருக்கள். அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு 7.1, 8.1 ஆகியவற்றுக்கான தொகுப்புகளே அதற்கு முதலில் வந்தன; அவற்றை வைத்தே கடிகாரத் தயாரிப்பாளர்கள் தங்கள் பலகைகளை வடிவமைத்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக் கடிகாரங்களில் எம்டி6580 என்ற 3ஜி சிப் இருந்தது. அவை பெரும்பாலும் ஆண்ட்ராய்டு 5.1இல் நின்றன. சிப்பின் வலு போதாததால்தான் பழைய பதிப்பு என்று சிலர் விளக்கம் தருவார்கள். அது பாதி உண்மையே. இதே எம்டி6739 சிப்போடு 2019இல் வந்த நோக்கியா 1 பிளஸ் கைப்பேசி, வெறும் 1 ஜிபி நினைவகத்திலேயே ஆண்ட்ராய்டு 9இன் 'கோ' என்ற இலகுவான பதிப்போடு வெளிவந்தது. கைப்பேசி இலட்சக்கணக்கில் விற்கும் என்ற கணக்கில் அந்த நிறுவனம் புதிய தொகுப்புக்கும் சோதனைக்கும் செலவழித்தது. சில ஆயிரம் கடிகாரங்களை விற்றுவிட்டு அடுத்த வடிவத்துக்குப் போய்விடும் நிறுவனத்துக்கு அந்தச் செலவைச் செய்ய எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொரு செலவும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாதது. ஆண்ட்ராய்டு வட்டத் திரைக்காக எழுதப்பட்டதன்று. முகப்புத் திரை, கடிகார முகங்கள், அறிவிப்புப் பட்டியல், அடியெண்ணிக்கை, இதயத் துடிப்பு என எல்லாவற்றையும் வடிவமைப்பு நிறுவனம் ஒருமுறை 8.1இன் மேல் கட்டி முடித்துவிட்டது. பதிப்பை மாற்றினால் அவற்றுள் பலவற்றைத் திரும்ப எழுத வேண்டும். பேட்டரிச் சிக்கனத்துக்காகப் பின்னணியில் செய்த திருத்தங்களையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆகவே புதிய கடிகாரம் என்று சந்தைக்கு வருவது பெரும்பாலும் பழைய மென்பொருளுக்குப் புதிய உடல்தான். கேமரா கூடும், பேட்டரி பெரிதாகும், திரை சதுரமாகும். உள்ளே அதே 8.1.

கைப்பேசித் தயாரிப்பாளர்களுக்குக் கூகுள் கொடுக்கும் நெருக்குதலும் இங்கே இல்லை என்பதே என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கூகுளின் பொருத்த விதிகளின்படி கையடக்கக் கருவி என்றால் திரையின் மூலைவிட்டம் குறைந்தது 2.5 அங்குலமாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் வெளிவரும் கருவிகளுக்கு அது 3.3 அங்குலமாக உயர்ந்தது. 1.1 அங்குலம் முதல் 2.5 அங்குலம் வரையிலானவை கடிகாரம் என்ற வகைக்குள் வருகின்றன. அந்த வகைக்குக் கூகுள் உரிமம் தருவது வேர் ஓஎஸ் என்ற தனி இயங்குதளத்துக்கு. 1.6 அங்குலத் திரையில் கைப்பேசிக்குரிய ஆண்ட்ராய்டை ஓட்டும் கடிகாரம் இந்த இரண்டு பிரிவிலும் சேராது. எனவே முறையான சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அதற்கு வழியே இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் திருத்தங்களைத் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் கூகுள் கொண்டுவந்த, இயங்குதளத்தையும் சிப் நிரல்களையும் பிரித்து வைக்கும் டிரெபிள் ஏற்பாட்டைப் பின்பற்றவேண்டிய அவசியமும் இல்லை. 2.8 அங்குலம் அளவுள்ள பெரிய சதுரக் கடிகாரங்கள் சில கடைகளில் உள்ளன. அவற்றுக்கும் பழைய பதிப்பில் தங்கிவிடுவதே வசதி, ஏனெனில் ஆண்ட்ராய்டு 11க்குப் போனால் 3.3 அங்குல விதி குறுக்கே நிற்கும். ஆண்ட்ராய்டு 13 முதல் கூகுள் செயலிகளோடு வரும் புதிய கருவிகளுக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும் என்பதால், 1 ஜிபியோடு விற்கப்படும் மலிவான வகைகளுக்கு அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது.

பழைய பதிப்பாக இருந்தால் என்ன, மணி காட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது உலாவியை. 2025இல் கூகுள் குரோமின் 139ஆம் பதிப்பு வந்தபோது ஆண்ட்ராய்டு 8, 9 ஆகியவற்றுக்கான ஆதரவு நின்றது. என் கடிகாரத்தில் குரோம் 138ஓடு உறைந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு 7 முதல் 9 வரை, மற்றச் செயலிகள் தம்முள்ளே வலைப்பக்கங்களைக் காட்டுவதற்கும் குரோமையே பயன்படுத்துகின்றன. ஆகவே குரோமில் அடைபடாத ஓட்டை ஒவ்வொன்றும் அந்தச் செயலிகளுக்குள்ளும் திறந்தே கிடக்கும். இதைவிடப் பழைய 5.1 கடிகாரத்தை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர்கள் அதில் பல இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்ற எச்சரிக்கையோடு திறக்க மறுப்பதைக் கண்டிருப்பார்கள். கோடிக்கணக்கான தளங்கள் தங்கள் இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டப் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை நம்புவதற்குக் கருவியில் இருக்கவேண்டிய மூலச் சான்று ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் உள்ளே இருக்கிறது. பழைய கருவிகளுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024இல் முடிந்துவிட்டது. அந்தக் கடிகாரத்தில் கெட்டுப்போன பாகம் எதுவும் இல்லை. வெளியுலகம் நகர்ந்துவிட்டது, அது நகரவில்லை.

வங்கிச் செயலியை இதில் நிறுவ நான் முயலவில்லை, யாரும் முயல வேண்டாம் என்றும் சொல்வேன். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கைவிட்டு, ஒரே ஒரு கருவியை வாடிக்கையாளரின் கணக்கோடு பிணைக்கும் முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. புதிய கருவியைப் பதிவு செய்தால் காத்திருப்பு நேரமும் உண்டு. சான்றிதழ் இல்லாத ஒரு கடிகாரத்தை அந்த ஒரே கருவியாக ஆக்கினால் கைப்பேசியில் இருந்த பதிவும் போய்விடும், கணக்கின் சாவியும் 2021க்குப் பின் திருத்தமே பெறாத ஒரு கருவியில் போய் உட்கார்ந்துவிடும். ஏபிகே என்ற செயலி நிறுவும் கோப்பை அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் மோசடி இங்கே எத்தனை வீடுகளில் பேச்சாகியிருக்கிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

மலேசியாவில் இந்தக் கடிகாரத்துக்கு உள்ள பெரிய குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. விற்பனைப் பேச்சில் அது வருவதே இல்லை. ஜெண்டேலா என்ற அரசின் இணையக் கட்டமைப்புத் திட்டத்தின்படி 2021 இறுதியோடு நாடு முழுவதும் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. மிச்சமிருப்பவை 2ஜி, 4ஜி, 5ஜி. பழைய எம்டி6580 கடிகாரம் அன்றோடு வேகமான தரவை இழந்து, 2ஜியில் பேசும் கருவியாகச் சுருங்கியது. எம்டி6739இல் 4ஜி உண்டு. ஆனால் குரல் அழைப்பும் 4ஜி வழியே போக வேண்டுமானால் அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு உரிய, வோல்ட்டி எனப்படும் 4ஜி குரல் அழைப்பு முறையின் அமைப்பு விவரங்கள் கடிகாரத்தின் மென்பொருளில் இருந்தாக வேண்டும். அவையும் நான் மேலே சொன்ன அதே தொகுப்புக்குள் அடங்கியவை. என் கடிகாரத்தில் அவை இல்லை. அழைப்பு வந்தவுடன் திரையின் மேற்பகுதியில் 4ஜி குறி மறைந்து 2ஜிக்கு இறங்குகிறது. பேசி முடிக்கும் வரை வரைபடமும் நகர்வதில்லை, வாட்ஸ்அப்பும் வருவதில்லை. அடித்தள வாகன நிறுத்துமிடங்களில் 2ஜி அலை எட்டாத மூலைகளில், கைப்பேசியில் தெளிவாகப் பேச முடிகிற அதே இடத்தில், கடிகாரத்துக்கு அழைப்பே வருவதில்லை. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். சிங்கப்பூர் 2017இல் 2ஜியையும் 2024இல் 3ஜியையும் மூடிவிட்டது. வோல்ட்டி இல்லாத கருவி அங்கே தொலைபேசியாகவே வேலை செய்யாது. வாரந்தோறும் அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வரும் உறவினருக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் கடிகாரங்கள் இந்த நோயிலிருந்து முற்றிலும் தப்பியவை அல்ல. குவால்காம் 2016இல் வெளியிட்ட ஸ்னாப்டிராகன் வேர் 2100 சிப்பும் 2018இல் வெளியிட்ட 3100 சிப்பும் ஒரே 28 நானோமீட்டர் முறையில், ஒரே கார்டெக்ஸ்-ஏ7 கருக்களைக் கொண்டவை. 2021இல் வேர் ஓஎஸ் 3 அறிவிக்கப்பட்டபோது 3100 சிப்புள்ள கடிகாரங்கள் அப்படியே கைவிடப்பட்டன. 2020இல் வந்த 4100 வகைக்குத்தான் புதுப்பிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கும் சிப்தான் முடிவு செய்தது. ஆனால் சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச்4 போன்றவற்றில் சிப்பையும் கடிகாரத்தையும் ஒரே நிறுவனம் செய்வதால், ஆண்டுக்கணக்கில் புதுப்பிப்பு தருவதாக முன்கூட்டியே உறுதி சொல்ல முடிந்தது. அவற்றின் குறை வேறு: 4ஜி வகையாக இருந்தாலும் தொடக்கத்தில் அமைத்துக்கொள்ள ஒரு கைப்பேசி கட்டாயம் வேண்டும், அட்டைக்குப் பதிலாகக் கருவிக்குள்ளேயே இருக்கும் இ-சிம்முக்குத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒத்துழைப்பும் வேண்டும். கைப்பேசியே இல்லாத ஒருவருக்கு அவை உதவாது. சாதாரண முன்கட்டணச் சிம்மைச் செருகிய உடனே வேலை செய்யும் எளிமையை இந்த மலிவுக் கடிகாரங்கள் மட்டுமே தருகின்றன. அவை இன்னும் விற்பதற்குக் காரணமும் அதுவே.

குழந்தைகளுக்கு வாங்குவதில் எனக்குத் தயக்கம் அதிகம். 2017 அக்டோபரில் நோர்வேயின் நுகர்வோர் மன்றம் குழந்தைகளுக்கான சிம் கடிகாரங்களைச் சோதித்து, அந்நியர் ஒருவர் குழந்தையின் இருப்பிடத்தைப் பின்தொடரக்கூடிய ஓட்டைகள் அவற்றில் இருப்பதை வெளியிட்டது. அடுத்த மாதமே ஜெர்மனி, ரகசியமாக ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தைக் கடிகாரங்களின் விற்பனையைத் தடை செய்தது. ஓட்டை எங்கும் இருக்கக்கூடியதுதான். திருத்தவே ஆளில்லாத கருவியில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பதுதான் என் கவலை.

மாறாக, கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கவே மறந்துவிடும் முதியவர்களுக்கும், ஓட்டத்துக்கும் நீச்சல் குளத்தின் ஓரத்துக்கும் கைப்பேசியைக் கொண்டுபோக விரும்பாதவர்களுக்கும் இதைத் தாராளமாக வாங்கலாம். முதன்மைக் கூகுள் கணக்கை அதில் இணைக்காமல் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள்வது நல்லது. தொடர்புப் பட்டியலில் அவசியமான எண்கள் மட்டும் போதும். என் பார்வையில் இந்தக் கடிகாரம் 250 ரிங்கிட் பெறும். மேற்கொண்டு கேட்கப்படும் தொகை பெட்டியில் அச்சான 10 என்ற எண்ணுக்காகத்தான், அந்த எண்ணோ உண்மையானதன்று.

வாங்குவதற்கு முன் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை உண்டு. பெட்டியில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் சொந்தச் சிம்மை அதில் போடச் சொல்லி, கடைக்காரரின் எண்ணுக்கே ஓர் அழைப்பு விடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேற்பகுதியில் 4ஜி குறி நிலைத்து நின்றால் அந்தக் கடிகாரத்துக்கு இங்கே சில ஆண்டுகள் ஆயுள் உண்டு. குறி இறங்கிவிட்டால் விலையையும் அதற்கேற்ப இறக்கச் சொல்லிக் கேளுங்கள். அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியையும் பார்த்துவிடுங்கள், ஆண்ட்ராய்டு எண்ணைத் திருத்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தத் தேதியைத் திருத்த மறந்துவிடுகிறார்கள்.